பூசை மாடத்தில் ஒரு வேப்பங்குச்சி

உலகம்மை கோபப்பட்டு மடத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் பார்த்தார்கள். காரணம் குற்றாலிங்கம் அண்ணாச்சியின் வாய்.

அண்ணாச்சி யாரையும் வைதுவிடவில்லை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் அவர். அவருடைய வாய் நாறியது, அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் இருந்தது உலகம்மையின் மடம். மனக்குறை உள்ளவர்கள் அங்கே வருவார்கள். கூடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு பலகைகள் கிடக்கும். ஒன்றில் அம்மை, மற்றதில் வந்தவர். முழங்கால் முட்டுகிற நெருக்கம். வீட்டில் சொல்ல முடியாததை இன்னொரு காதுக்கு எட்டாமல் சொல்ல அந்த நெருக்கம் வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் அம்மை ஒரு கதை சொல்வார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார். மடத்தின் வழக்கம் அது.

வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகும் வாசலில் ஆள் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு பலகை போட்டு உட்கார ஒருவர் வேண்டும். அதற்கு அண்ணாச்சியை விட்டால் ஆள் இல்லை.

அண்ணாச்சி அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். தென்காசிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தார். பருப்பும் புளியும் பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் ஊர்ப் பெண்கள் தங்கள் கவலையை அவரிடம் இறக்கி வைத்துவிடுவார்கள். கேட்டதை அவர் அடுத்த ஆளிடம் சொன்னதே இல்லை. கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்குச் சீடராக வந்த பிறகும் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். குருவுக்கும் அண்ணாச்சிதான்.

"உங்களுக்கு ஒரு பலகை போடணும் அண்ணாச்சி" என்று அம்மை ஒரு நாள் சொல்லிவைத்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பலகைக்குத் தகுதியாக வேண்டும் என்று அண்ணாச்சி விரதத்தைப் பிடித்துக்கொண்டார். விரதத்தன்று பல்குச்சி கடிக்கக்கூடாது, கடித்தால் வாயில் ஏதோ போட்டுக்கொண்ட கணக்கு என்பது அவர் வீட்டுப் பழக்கம். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ விரதம் இருப்பார், பாதகமில்லை. இப்போது செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம் என்று அடுக்கினார். விரதம் இல்லாத நாளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பல்குச்சிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் போயிற்று.

வெறும் வயிறு, காய்ந்த நாக்கு, விளக்காத பல். அப்புறம் என்ன ஆகும்?

அந்தப் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் வாய் பொத்தி நிற்பது மரியாதை. அண்ணாச்சி நடந்து வந்தால் ஜனங்கள் விலகி நின்று வாய் பொத்தினார்கள். அந்தக் கை மூக்கையும் சேர்த்துப் பொத்தியதை மனிதர் கவனிக்கவில்லை. தன் விரதத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கூசிப்போய், இன்னொரு விரதத்தைக் கூட்டிக்கொண்டார்.

அடுக்களையில் சமைக்கும் பேச்சியம்மாளுக்கு இந்த மாதிரி நாசூக்கெல்லாம் கிடையாது.

"அம்மா, அவர்ட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீ சும்மா இரு. வயசுல மூத்தவர். மனசு நொந்துபோவார். நான் பக்குவமாச் சொல்லுதேன்."

பக்குவமாக என்றால் அம்மைக்குக் கதையாக.

அன்று சாயங்காலமே அண்ணாச்சியைக் கூப்பிட்டு, வெளியே மட்டும் பளபளவென்று துலக்கி உள்ளே கழுவாமல் விட்ட பால்பானையின் கதையைச் சொன்னார். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார்.

"புரிஞ்சிட்டும்மா."

அம்மைக்கு அப்பாடா என்று இருந்தது. "என்ன புரிஞ்சுது?"

"பானைங்கிறது இந்த உடம்பு. உள்ள இருக்கது பழைய வினை. இன்னும் கடுமையா விரதம் இருந்து கழுவணும்."

கதை சொல்லி வினையை வாங்கிக்கொண்டது போலாயிற்று. அம்மை நாலு நாள் விட்டு வேறு கதை எடுத்தார். ஒரு ராஜாவின் சிம்மாசனத்துக்கு அடியில் எலி செத்துக் கிடந்தது. சபையே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ராஜாவிடம் சொல்ல ஒரு மந்திரிக்கும் தைரியம் வரவில்லை. இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது? எலி வரைக்கும் வந்தாகிவிட்டதே.

அண்ணாச்சி கண்ணீர் விட்டார்.

"அந்த எலி என் ஆசைம்மா. பலகை மேல நான் வச்ச ஆசை. அதைக் கண்டுபிடிச்சிட்டீங்களே."

அந்த வாரம் அவர் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார்.

கதை உதவாது, காரியமாகச் செய்வோம் என்று அம்மை வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, விடியற்காலையில் தன் கையாலேயே அண்ணாச்சியிடம் கொடுத்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. குருவின் கையால் கிடைத்த குச்சி. அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மத்தியானம் அம்மை எட்டிப் பார்த்தபோது குச்சி பூசை மாடத்தில் இருந்தது. மஞ்சள் பட்டுத் துணி சுற்றி, சந்தனம் வைத்து, மேலே ஒரு செம்பருத்தியும் இருந்தது.

அம்மை அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் தன் பங்குக்குக் கிராம்பும் ஏலக்காயும் தட்டித் தீர்த்தத்தில் போட்டு அண்ணாச்சிக்குக் கொடுத்தாள். தீர்த்தம் என்பதால் விரதம் தடுக்கவில்லை, குடித்தார். கொஞ்ச நேரம் ஏலக்காய் மணத்தது. பிறகு ஏலக்காயும் அதுவும் சேர்ந்து வந்தது. பழைய நாற்றமே தேவலை என்று பேச்சியம்மாள் அந்த வைத்தியத்தை விட்டுவிட்டாள்.

இதற்குள் அண்ணாச்சிக்கு மனத்தாங்கல் வந்துவிட்டது. பலகை போடுகிறேன் என்று சொன்ன அம்மை, பலகையைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முகம் ஏன் திரும்பியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"எனக்குத் தகுதி இல்லன்னா சொல்லிருங்கம்மா. நான் மகன்ட்டயே போயிருதேன். சும்மா ஒரு வயித்துக்கு இங்க எதுக்குச் சோறு."

"நீங்க எங்க சோறு திங்கீங்க?" என்றார் அம்மை எரிச்சலோடு.

அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கும்பிட்டார்.

இப்படி இருக்கையில் அம்மைக்குக் காய்ச்சல் கண்டது. உட்கார முடியவில்லை. உள்ளறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டார். அந்த நேரத்தில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இசக்கியம்மாள் என்று ஒருத்தி வந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்திருந்தாள் என்பது அவள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது. அவளைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் அண்ணாச்சி அம்மையின் பலகையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளறைக்கு வந்து அம்மையை எழுப்பினார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"அம்மா, இன்னைக்கு ஒரு அதிசயம். ஒரு புள்ள வந்தா. கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சு. எதிர்ல உக்காந்தா. நான் கிட்ட குனிஞ்சு, சொல்லு தாயின்னேன். அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கிட்டு, ஒண்ணுமில்ல சாமி, சும்மா கும்பிட்டுப் போக வந்தேன்னு எந்திரிச்சுப் போயிட்டா. நான் கேக்கதுக்கு முன்னயே அவ துக்கம் தீந்துட்டு."

அம்மை எழுந்து உட்கார்ந்தார்.

"போயிட்டாளா?"

"வேகமாப் போனா. சந்தோசத்துல நடை அப்படி."

"பேச்சி" என்று அம்மை கூப்பிட்ட குரல் படித்துறை வரைக்கும் கேட்டது. "ஓடு. அந்தப் புள்ள பாலம் தாண்டுறதுக்குள்ள கூட்டிக்கிட்டு வா."

பேச்சியம்மாள் கரண்டியோடு ஓடினாள். அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் எதும் தப்பாச் சொல்லிட்டனாம்மா?"

"அண்ணாச்சி, உங்க வாய் நாறுது."

அண்ணாச்சி கண்ணை மூடினார். மெல்லத் தலையாட்டினார்.

"புரிஞ்சிட்டும்மா. நான் சொல்லுத சொல்லுல இன்னும் அகங்காரத்தோட வாடை..."

"அகங்காரமும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. வாய். பல்லு, நாக்கு இருக்குல்லா, அந்த வாய். கிட்ட உக்கார முடியல. அந்தப் புள்ள துக்கம் தீந்து போகல. உங்க வாய் நாத்தம் தாங்காம எந்திரிச்சுப் போயிருக்கா."

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். சுவரைப் பார்த்தார். இன்னும் எங்கேயாவது ஒரு தத்துவம் ஒளிந்திருக்காதா என்று தேடுகிற பார்வை அது.

"எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா."

"அவங்கவங்க மூக்குக்குத் தெரியாது. மணிக்கட்டை நக்குங்க."

"ம்?"

"நக்குங்க. காய விட்டு மோந்து பாருங்க."

குரு சொன்னால் செய்ய வேண்டும். அண்ணாச்சி நக்கினார், காத்திருந்தார், மோந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க அம்மைக்கே சங்கடமாக இருந்தது.

அண்ணாச்சி அங்கேயே உட்கார்ந்து மணிக்கட்டை வேட்டியில் துடைத்தார். விலகி நின்றவர்கள், வாய் பொத்தினவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே. பானைக் கதை. எலிக் கதை. குச்சி வேற ஒடிச்சுக் குடுத்தேன்."

"நான் ஒரு கடைக்காரன்ம்மா" என்றார் அண்ணாச்சி. முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "பருப்புல வண்டு இருந்தா வண்டுன்னு சொல்லுவேன். வண்டைப் பத்தி எனக்குக் கதை கட்டத் தெரியாது. உண்மையச் சொல்லுவீங்கன்னுதான உங்கள்ட்ட வந்தேன்."

அவர் சொன்னது சரிதான் என்பது அம்மைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அண்ணாச்சி எழுந்தார். கதவு வரை போய் நின்றார். பழக்கம் விடவில்லை.

"இதுல நான் தெரிஞ்சுக்க வேண்டிய பாடம் என்னம்மா?"

"பாடம் ஒண்ணும் இல்ல. விரதம்னாலும் பல் விளக்குங்க. நாக்கை வழிங்க. தண்ணி நெறையக் குடிங்க. பேச்சிட்ட கஞ்சி வாங்கிக் குடிங்க. போங்க."

அவர் படித்துறைக்குப் போனார். வேலியோரத்து மரத்தில் புதுக் குச்சி ஒடித்துக்கொண்டுதான் போனார். மாடத்தில் இருந்ததைத் தொட மனம் வரவில்லை போல.

பாலத்து முனையில் வைத்து இசக்கியம்மாளைப் பிடித்துவிட்டாள் பேச்சி. காய்ச்சலோடு அம்மை பலகையில் உட்கார்ந்தார். இசக்கியம்மாளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மாமனார் அவளைத் தன் உறவிலேயே ஒருவனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்துவிட்டார். அவனுக்கு வயது அவள் அப்பாவின் வயது. புருஷன் தகப்பனை எதிர்த்துப் பேசமாட்டான். நாள் நெருங்கிவிட்டது.

அம்மை கண்ணை மூடி யோசித்து, குஞ்சைக் காப்பாற்ற ஆற்றின் போக்கையே மாற்றப் பார்த்த ஒரு நாரையின் கதையைச் சொன்னார். நல்ல கதை. சொன்னவருக்கே திருப்தியாக இருந்தது. இசக்கியம்மாள் கும்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அம்மை மறுபடி கம்பளிக்குள் போய்ப் படுத்தார்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. அண்ணாச்சி கூடத்துக்கு வந்து தூணோரம் நின்றார். வாயை இறுக்கிப் பொத்தியிருந்தார்.

"வந்து உக்காருங்க" என்று அம்மை எதிர்ப் பலகையைக் காட்டினார்.

"வேண்டாம்மா. இங்கயே நிக்கேன்."

"உக்காருங்கங்கேன்."

உட்கார்ந்தார். முழங்கால் முட்டியது.

"கையை எடுங்க. ஊதுங்க."

"உங்க முகத்துலயா?"

"பின்ன, சுவத்துலயா?"

ஊதினார். அம்மை முகத்தைத் திருப்பவில்லை. மூச்சை அடக்கவும் இல்லை. சமையலில் உப்புப் பார்க்கிற மாதிரி நிதானமாக இழுத்துப் பார்த்தார்.

"குறைஞ்சிருக்கு. ஆனா போகல. பல்லு ஏதும் வலிக்கா?"

"மேல ஒண்ணு கொஞ்ச நாளா வலிக்கு. தவத்துக்கு வந்த சோதனைன்னு பொறுத்துக்கிட்டேன்."

அம்மை பல்லைக் கடித்துக்கொண்டார். "அது சொத்தைப் பல்லு. சோதனையும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னைக்கே டவுனுக்குப் போயி பல் டாக்டர்ட்ட காட்டுங்க. அதைச் சரி பண்ணாம நீங்க எவ்வளவு விளக்கினாலும் வரும்."

"பலகை?"

"நாத்தம் போனதும் பலகை. இதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். சொல்வதா வேண்டாமா என்று அவருக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து நான் ஆத்துல நாக்கு வழிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று ஆரம்பித்தார். "அந்தப் புள்ள இசக்கியம்மா வந்து, எட்ட நின்னு கேட்டா."

"என்ன கேட்டா?"

"அம்மா நாரைக் கதை சொன்னாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்னு."

அம்மை நிமிர்ந்தார்.

"அவளுக்குப் புரியலயா?"

"புரியலம்மா. பொறுத்துப் போகச் சொல்லுதாங்களோன்னு நினைச்சிருக்கா. அழுதுகிட்டே நின்னா. நான் சொன்னேன், கதையை விடு தாயி, புள்ளைய இன்னைக்கே உன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு, பள்ளிக்கூடத்து டீச்சர்ட்ட விசயத்தைச் சொல்லு, மத்ததை டீச்சர் பாத்துக்குவாங்கன்னு. நேரா கூட்டிட்டுப் போயிட்டா. அண்ணன் வீட்ல புள்ள இருக்குன்னு காலைல ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு."

பொறுத்துப் போ என்று அம்மை எங்கே சொன்னார்? கதையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நாரை, ஆறு, குஞ்சு. கடைசியில் நாரை காத்திருந்தது என்று முடித்திருந்தார். காத்திருந்தது என்ற சொல் அழகாக இருந்தது என்பதற்காக முடித்தது.

"இவ ஒருத்திதானா?"

அண்ணாச்சி வாசல் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எல்லாருந்தான். கும்பிட்டு வெளிய வருவாங்க. வாசல்ல என்னைப் பாத்ததும், அம்மா என்ன சொல்லுதாங்கன்னு கேப்பாங்க. இப்பல்லாம் எட்ட நின்னு கேக்காங்க. எனக்குத் தோணினதை நான் சொல்லி அனுப்புவேன். எனக்குமே உங்க கதை ஒண்ணும் புரியாது. இங்க வந்த நாள்லருந்தே அப்படித்தான்."

கூடத்தில் வேறு யாரும் இல்லை. அடுக்களையில் பேச்சியம்மாள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

அம்மைக்கு முதலில் வந்தது கோபம். காது மடல் சூடாகிற அளவுக்குக் கோபம். அதைச் சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க மனசு நோகுமேன்னு நினைச்சேன்மா" என்றார் அண்ணாச்சி. "நானும் பக்குவமாச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அம்மை தன் பலகையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளையிலருந்து காலையில நீங்க ஊதுங்க, நான் ஒரு கதை சொல்லுதேன், புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பக் கூடாது."